கல்லூரி வளாகமும் மாற்றுத்திறனாளிகளும்: "திருப்தியா?" என்று கேட்பதற்கு முன் சில கேள்விகள்

தமிழ்நாட்டில் ஓர் அரசு உதவி பெறும் கலைக் கல்லூரியில் ஆசிரியராக இருக்கிறேன். சில ஆண்டுகளாகச் சம வாய்ப்பு மையமும் என் தலையில்தான். வளாகம் எப்படி இருக்கிறது என்று மாற்றுத்திறனாளி மாணவர்களிடம் ஆண்டுதோறும் கருத்துக் கேட்டு அறிக்கை கொடுக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டும் அதைத் தப்பாகவே செய்தேன். மற்ற கல்லூரி நண்பர்கள் போன் செய்து கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகளாக இருப்பதால், பதில்களை இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

அணுகல் வசதி என்றால் சாய்தளம்தானே?

சாய்தளமும் ஒன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதற்கு முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 மட்டுமே இருந்தன. அந்த 21-இல் சாய்தளத்தால் பயன்பெறுவோர் ஒரு பகுதியினர்தான். அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய தலசீமியா என்ற நோய் உள்ள மாணவிக்கு வருகைப் பதிவு விதிதான் படிக்கட்டு. காது கேளாத மாணவருக்கு, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தும் ஆசிரியர் ஒரு சுவர். பார்வையற்ற மாணவருக்கு வாட்ஸ்அப்பில் படமாக வரும் சுற்றறிக்கை பூட்டிய கதவு. அறிக்கை எழுதும்போது மட்டும் நாம் எல்லாரும் சாய்தளத்திலேயே நின்றுவிடுகிறோம். படம் எடுக்க வசதியானது அதுதான்.

அதிகாரிகள் வந்து தணிக்கை செய்கிறார்களே, தனியாக மாணவர்களிடம் வேறு ஏன் கேட்க வேண்டும்?

தணிக்கையில் 'இருக்கிறதா' என்று பார்ப்பார்கள். மாணவர் பார்ப்பது 'இன்று முடிந்ததா' என்பதை. நடுவில் இருக்கும் இடைவெளி பெரியது.

கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டுக் கையேட்டில் சில ஆண்டுகள் 7.1.7 என்று ஒரு பிரிவு இருந்துவந்தது. சாய்தளம் அல்லது லிஃப்ட், கழிப்பறை, வழிகாட்டிப் பலகைகள், உதவிக் கருவிகள், தகவல் உதவி ஆகியவை உண்டா என்று கேட்டு, ஜியோ டேக் போட்ட (எடுத்த இடம் பதிவான) புகைப்படமும் கேட்பார்கள். அதே நாக் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பும் நடத்தும். அது கற்றல் கற்பித்தலைப் பற்றியது. ஆக, வசதி பற்றிக் கேட்கும் இடத்தில் புகைப்படம் போதும். திருப்தி பற்றிக் கேட்கும் இடத்தில் வசதி வராது. இரண்டும் சந்திக்கவில்லை. சந்திக்க வைக்கும் வேலை கல்லூரியின் கையில் விடப்பட்டிருக்கிறது.

எங்கள் கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய கழிப்பறை ஒன்று உண்டு. புகைப்படமும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. மூன்றாமாண்டு மாணவர் ஒருவர், சக்கர நாற்காலியில் வருபவர், எங்கள் படிவத்தில் கழிப்பறைக்கு 5-க்கு 4 போட்டிருந்தார். பிறகு வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது, காலை 7 மணிக்கு மேல் அவர் தண்ணீர் குடிப்பதில்லை; கல்லூரி முடிந்து வீட்டுக்குப் போய்த்தான் கழிப்பறை. "பின்னே ஏம்பா 4 போட்டே?" என்றேன். "முன்னாடி படிச்ச ஸ்கூல்ல அது இல்லவே இல்ல சார். இங்க இருக்கு. பூட்டியிருக்கு, அவ்வளவுதான்" என்றார்.

சாவி முதல் மாடி அலுவலகத்தில் இருந்தது. லிஃப்ட் இல்லாத முதல் மாடி.

எங்கள் கணக்கெடுப்பில் 5-க்கு 4.3 வந்திருக்கிறதே, அது நல்ல மதிப்பெண்தானே?

யாரிடம் கேட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லூரியில் 3,000 பேர். அதில் 25 பேர் மாற்றுத்திறனாளிகள் என்று வைத்துக்கொள்வோம். மற்ற 2,975 பேரும் சராசரியாக 4.3 கொடுக்கிறார்கள். அந்த 25 பேரும் கொதித்துப்போய் 1.5 கொடுக்கிறார்கள். மொத்தச் சராசரி 4.28. புள்ளிக்குப் பின் ஓர் இலக்கமாகச் சுருக்கினால் மறுபடி 4.3 ஆகிவிடும். 25 பேரின் கோபம் சுருக்கத்தில் காணாமல் போய்விட்டது.

சரி, அந்த 25 பேரிடம் மட்டும் கேட்டால்? அங்கேயும் இரண்டு சிக்கல். ஒன்று, மேலே சொன்ன மாணவர் மாதிரி. பழகிய குறைவோடு ஒப்பிட்டுத்தான் எல்லாரும் மதிப்பெண் போடுகிறோம். வாழ்நாள் முழுக்க அண்ணன் முதுகில் ஏறிப் பள்ளிக்குப் போனவருக்கு, நண்பர்கள் இருவர் தூக்கி மாடியேற்றும் கல்லூரி நல்ல கல்லூரிதான். "இதுவே போதும் சார்" என்பார். அந்த நன்றியை நிறைவு என்று நினைத்துக் குறித்துக்கொண்டு வருகிறோம்.

இன்னொன்று, வராதவர்கள். சேர்க்கைக்கு வந்து, வகுப்பறை இரண்டாம் மாடி என்று தெரிந்ததும் திரும்பிப் போனவர் படிவத்தை நிரப்புவதில்லை. முதல் செமஸ்டரோடு நின்றவரும் நிரப்புவதில்லை. விண்ணப்பித்துச் சேராதவர்கள், பாதியில் நின்றவர்கள் ஆகியோரின் எண்கள் அலுவலகத்திலேயே இருக்கும். பத்துப் பேருக்குப் போன் செய்யுங்கள். அந்தப் பத்து அழைப்பில் தெரிய வருவது ஐந்நூறு படிவத்தில் வராது.

அப்படியானால் என்னதான் கேட்பது?

'திருப்தியா' என்ற சொல்லையே நான் படிவத்திலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் போன வாரம் நடந்ததைக் கேட்கிறேன்.

கடந்த ஐந்து வேலை நாளில் வளாகத்துக்குள் எத்தனை முறை யாரையாவது உதவிக்குக் கூப்பிட்டீர்கள், எந்த இடத்தில்? கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்பதற்காகத் தண்ணீரோ சாப்பாடோ தவிர்த்த நாள் உண்டா? எந்த வகுப்புக்கு, எந்த நிகழ்ச்சிக்கு, எந்த அலுவலகத்துக்குப் போக நினைத்துப் போகாமல் விட்டீர்கள்? ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போக மற்றவர்களைவிட எத்தனை நிமிடம் கூடுதலாகிறது?

முதல் கேள்விதான் எனக்கு முக்கியம். ஒருவர் ஒரு நாளில் எத்தனை பேரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்ற எண்ணிக்கையைவிட நேர்மையான அளவுகோலை நான் பார்த்ததில்லை. நண்பர்கள் தூக்கிவிடுகிறார்கள், எல்லாரும் அன்பானவர்கள், குறையே இல்லை என்று சொல்லும் மாணவரும், இந்தக் கேள்விக்கு "ஒரு நாளைக்கு ஒன்பது தடவை" என்று எழுதிவிடுவார். அந்த ஒன்பதையும் வரைபடத்தில் குறித்தால் எங்கே கொத்தனாரை அனுப்ப வேண்டும் என்று தெரிந்துவிடும்.

முடிந்தால் படிவத்தோடு நிறுத்தாமல் கூடவே ஒரு நாள் நடங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து கேட், கேட்டிலிருந்து வகுப்பு, நூலகம், கேன்டீன், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம், மறுபடி பேருந்து. குறிப்பேடும் கடிகாரமும் போதும். உதவி செய்யாமல் நடப்பதுதான் கஷ்டம். கை தானாக நீளும்.

சாய்தளம் கட்டியும் யாரும் பயன்படுத்துவதில்லை. ஏன்?

டேப் எடுத்து அளந்து பாருங்கள். நம் நாட்டு வழிகாட்டுநெறிகளின் கணக்கு 1:12. ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம். வாசலில் 3 படி இருக்கிறது, ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் என்றால் மொத்த உயரம் 45 சென்டிமீட்டர்; சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். நம் ஊரில் என்ன செய்கிறோம்? படிக்கட்டு எவ்வளவு இடம் எடுத்ததோ அதே இடத்தில் ஓரமாக ஒன்றரை, இரண்டு மீட்டருக்குச் சிமென்ட் பூசிவிடுகிறோம். அதில் தானாக ஏற முடியாது. தள்ளிக்கொண்டு போனால் நாற்காலி பின்னால் சாயும். அது பைக் ஏற்றத்தான் லாயக்கு. உண்மையில் பைக்தான் ஏறுகிறது.

நீளம் சரியாக இருந்தாலும் இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். மேலே கதவுக்கு முன் நாற்காலி நின்று திரும்பச் சமதளம் வேண்டும், சுமார் 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர். தரை வழுக்கக் கூடாது. திறப்பு விழாவுக்காகப் பளபளக்கும் கிரானைட் பதித்த சாய்தளம் ஒன்றை ஒரு கல்லூரியில் பார்த்தேன். நல்ல காலிலேயே நடக்க முடியவில்லை.

படியை இடித்துவிட்டுச் சாய்தளம் மட்டும் வைக்காதீர்கள். ஊன்றுகோலோடு நடப்பவர்களில் பலருக்கு நீண்ட சரிவைவிடக் கைப்பிடி வைத்த படி எளிது. இதுவும் அவர்களைக் கேட்டால்தான் தெரியும். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

கழிப்பறையில் என்னென்ன பார்க்க வேண்டும்?

கதவு 90 சென்டிமீட்டர் அகலம் திறக்க வேண்டும். வெளிப்பக்கமாகவோ பக்கவாட்டிலோ திறந்தால் நல்லது. உள்ளே நாற்காலி திரும்ப இடம், இருக்கையின் பக்கத்தில் பிடிமானக் கம்பி, உட்கார்ந்தபடியே எட்டும் குழாய், எட்டும் தாழ்ப்பாள். ஒவ்வொரு தளத்திலும், ஆண் பெண் இரு பக்கமும்.

அளவு எல்லாம் சரியாக இருந்தும் தோற்பது பராமரிப்பில்தான். நல்ல அகலமான அறை என்பதால் துடைப்பம், பழைய பேனர், உடைந்த நாற்காலி எல்லாம் அங்கே போய்ச் சேரும். 'சுத்தமாக இருக்கட்டும்' என்று பூட்டுவார்கள். எங்கள் கல்லூரியில் பூட்டைக் கழற்றவே ஒரு செமஸ்டர் ஆனது. பணம் ஒரு பைசா செலவில்லை.

மஞ்சள் டைல்ஸ் பதித்துவிட்டோம். பார்வையற்றோருக்கு அது போதுமா?

காலாலும் கோலாலும் வழி அறிய உதவும் அந்த மேடுபள்ளக் கல்லை உருவாக்கியவர் ஜப்பானின் செய்இச்சி மியாகே. ஒகயாமா நகரில் 1967-இல் முதன்முதலாகப் பதித்தார்கள். நீளக் கோடுகள் 'இந்தப் பக்கம் போ' என்கின்றன, புள்ளிகள் 'நில், கவனி' என்கின்றன. கொஞ்சம் பார்வை உள்ளவர்களுக்கு மஞ்சள் நிறமே வழிகாட்டி. அதனால் கட்டடத்தின் நிறத்துக்குப் பொருந்தவில்லை என்று சாம்பல் நிறத்தில் பதிக்காதீர்கள்.

பதிப்பவருக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லித் தருவதில்லை. புள்ளிக் கல்லை நேர் பாதை முழுக்கப் பதித்த இடங்கள் உண்டு. நேராகப் போய் வேப்பமரத்தில் முடியும் பாதையும் உண்டு. அப்புறம் அதன்மேல் பைக் நிறுத்துவார்கள். கோலைத் தட்டி வரும் மாணவர் சைலன்சரில் கால் சுட்டுக்கொள்வார்.

வலைத்தளம், சுற்றறிக்கை, செயலி: இவையும் இதில் சேருமா?

சேரும். இன்றைக்கு வளாகத்தில் பாதி, போனுக்குள் இருக்கிறது. கட்டணம், ஹால் டிக்கெட், இன்டர்னல் மதிப்பெண், வருகைப் பதிவு எல்லாம் அங்கேதான்.

பார்வையற்ற மாணவர்கள், திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். கணினியில் பலரும் வைத்திருப்பது என்.வி.டி.ஏ.; இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006-இல் தொடங்கிய வேலை அது. போனில் டாக்பேக், வாய்ஸ்ஓவர். இவை எழுத்தைத்தான் படிக்கும். முதல்வர் கையெழுத்திட்ட சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கினால் அது படம். பல நேரம் 'கிராஃபிக்' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

தமிழுக்கென்று கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. நம் அலுவலகத் தட்டச்சர்கள் பலர் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் அடிக்கிறார்கள். திரையில் அழகான தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குவியல். பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல்லை எழுத்து எழுத்தாகக் கேட்டால் திரைவாசிப்பான் 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்' என்று சொல்லும். தமிழ்நாடு அரசு 2010-லேயே எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டு ஆணை போட்டுவிட்டது. மாற வேண்டியது ஒரு மேசையிலுள்ள ஒரு கணினி மட்டும். இதைவிடச் செலவு குறைந்த அணுகல் வசதி எனக்குத் தெரிந்து கிடையாது.

பாடநூலை ஸ்கேன் செய்து கொடுத்தால் காப்புரிமைச் சிக்கல் வருமே என்று நூலகர்கள் தயங்குகிறார்கள். வராது. காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் கொண்டுவந்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவில் நூலை மாற்றிக் கொடுக்க இடம் தருகிறது. இதே நோக்கமுள்ள மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலில் உறுதி செய்த நாடே இந்தியாதான்.

காது கேளாத மாணவர்கள் எதையும் கேட்பதே இல்லையே, அவர்களுக்குப் பிரச்சினை இல்லையா?

நீங்கள் கேட்ட விதத்திலேயே பதில் இருக்கிறது. பேச்சில் கேட்டிருப்பீர்கள், அல்லது நீண்ட எழுத்துப் படிவம் கொடுத்திருப்பீர்கள். சைகை மொழியை முதல் மொழியாகக் கொண்டவருக்கு எழுத்துத் தமிழும் ஆங்கிலமும் இரண்டாம், மூன்றாம் மொழிகள். சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒரு நாள் அழைத்து வந்து அவர்களோடு உட்காருங்கள். பிறகு கொட்டும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. மற்ற கல்லூரிகளில் அறுபது பேர் வகுப்பில் ஒருவராக இருப்பவர் நிலைதான் கடினம். முதல் பெஞ்ச், மாணவர்களைப் பார்த்துப் பேசும் ஆசிரியர், முன்கூட்டியே கிடைக்கும் பாடக்குறிப்பு, வீடியோவில் எழுத்தோட்டம் (சப்டைட்டில்): இவ்வளவிலேயே பெரும் வித்தியாசம் தெரியும். ஒலிபெருக்கியில் மட்டும் சொல்லும் அறிவிப்பைப் பலகையிலும் எழுதச் சொல்லுங்கள். தீ எச்சரிக்கைக்கு மணியோடு விளக்கும் எரிய வேண்டும். அது சௌகரியம் சார்ந்தது இல்லை, உயிர் சார்ந்தது.

தேர்வு பற்றிய புகார்கள்தான் எங்களுக்கு அதிகம் வருகின்றன. என்ன செய்யலாம்?

எங்களுக்கும்தான். கட்டடத்தில் ஒரு நாள் சிரமப்பட்டால் அடுத்த நாள் போகும். தேர்வில் சிரமப்பட்டால் அரியர்.

ஸ்க்ரைப் (சொல்லச் சொல்லத் தேர்வெழுதித் தருபவர்) வைத்து எழுதுவோருக்கும் கூடுதல் நேரம் தேவைப்படுவோருக்கும் மத்திய அரசு வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் தர வேண்டும். 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம். ஸ்க்ரைப் வேண்டுமானால் 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று கட்டாயம் என்று இன்னும் சில அலுவலகங்களில் சொல்கிறார்கள். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் சிக்கல் உள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்கு ஸ்க்ரைப் கேட்ட வழக்கு அது. அதன் பிறகு, 2022 ஆகஸ்டில், 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தும் எழுதச் சிரமப்படுவோருக்கென்று தனி வழிகாட்டுதல் வந்தது.

நடைமுறையில் மாணவர்கள் புலம்புவது வேறு: தேர்வு அன்று காலையில் ஸ்க்ரைப் வரவில்லை, இயற்பியல் தாளுக்கு வந்தவருக்கு வாய்பாட்டுக் குறிகளே தெரியவில்லை, கூடுதல் நேரம் உண்டு என்று அறைக் கண்காணிப்பாளருக்கு யாரும் சொல்லவில்லை, மணி அடித்ததும் தாளைப் பிடுங்கிவிட்டார். இருக்கை எண் ஒதுக்கும்போது மென்பொருள் இவர்களை மூன்றாம் மாடிக்கு அனுப்பிவிடும். வகுப்பு கீழ்த்தளத்தில், தேர்வு மாடியில்! ஒதுக்கீட்டுப் பட்டியலை ஒட்டுவதற்கு முந்தைய நாள் ஒருவர் கண்ணால் பார்த்தால் தீரும் விஷயம்.

வெளியில் தெரியாத குறைபாடு உள்ளவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்க வேண்டாம். அவர்களே வந்து சொல்லலாம் என்று இருந்தால் போதும். கற்றல் குறைபாடு, ஆட்டிசம், மனநலச் சிக்கல், ஹீமோபிலியா, தலசீமியா எல்லாம் சட்டத்தின் 21-இல் உண்டு. தலசீமியா தீவிரமாக உள்ளவர் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். 75 சதவீத வருகை விதி அவருக்கு ஒவ்வொரு செமஸ்டரும் ஒரு தண்டனை: மருத்துவமனைச் சீட்டு, வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளக் கட்டும் காண்டனேஷன் கட்டணம், எச்.ஓ.டி. முன் கைகட்டி நிற்பது. ஒருமுறை சொன்னால் மூன்று ஆண்டுக்கும் செல்லுபடியாகும்படி ஒரு கடிதம் கொடுங்கள். ஒவ்வொரு ஆசிரியரிடமும் தன் நோயைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை என்பதே அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

எங்கள் கட்டடம் நூறாண்டுப் பழசு. இடிக்க முடியாதே?

இடிக்க வேண்டாம், வகுப்பை நகர்த்துங்கள். அந்த மாணவர் இருக்கும் பிரிவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினால் அன்றைக்கே பாதிப் பிரச்சினை தீரும். கழற்றி மாட்டும் உலோகச் சாய்தளம், பக்க வாசலைத் திறந்துவிடுவது, முதல் மாடி அலுவலகத்தின் ஒரு கவுன்ட்டரைக் கீழே கொண்டுவருவது, எல்லாமே பழைய கட்டடத்தில் முடியும். பாரம்பரியத்தைக் காரணம் காட்டுபவர்கள் அதே கட்டடத்தில் ஏ.சி. பெட்டியை வெளிச்சுவரில் மாட்டியிருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா?

அரசு கொடுத்த மூன்று சக்கர ஸ்கூட்டரில் வருகிறார்கள். அவர்களுக்கும் சிரமம் உண்டா?

இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வந்த பிறகு கல்லூரி வரை வருவது எளிதாகிவிட்டது. கேட்டில்தான் சிக்கல். 'மாணவர் வண்டி உள்ளே வரக் கூடாது' என்று வாட்ச்மேன் நிறுத்துவார். அவருக்குச் சொன்ன உத்தரவு அது. அங்கிருந்து துறைக்கு அரை கிலோமீட்டர் ஊன்றுகோலில். உள்ளே விட்டாலும் ஸ்கூட்டர் வராந்தாவில் ஏறாது. இறங்கும் இடத்தில் ஒரு சக்கர நாற்காலி வேண்டும், கூரை போட்ட நிறுத்துமிடம் வேண்டும்.

சட்டம் என்னதான் சொல்கிறது?

வேலைக்கு ஆகும் பகுதிகளை மட்டும் சொல்கிறேன். அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாத இடஒதுக்கீடு, வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வு (பிரிவு 32). அணுகல் தரம் இல்லாத கட்டடத்துக்கு அனுமதியோ நிறைவுச் சான்றோ தரக் கூடாது (பிரிவு 44). ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் வந்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் சரி செய்ய வேண்டும் (பிரிவு 45). விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு 2022 ஜூனோடு முடிந்தது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம் (பிரிவு 89).

2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒன்றைச் சொன்னது. சட்டம் 'கட்டாயம்' என்கிறது. அதன் கீழ் வந்த 2017 விதிகளில் 15-ஆம் விதியோ அணுகல் வழிகாட்டுதலை வெறும் பரிந்துரையாக வைத்திருக்கிறது. எனவே அந்த விதி சட்டத்துக்கு முரணானது. விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்சத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 'இது கைட்லைன்தானே' என்று கோப்பை மூடும் நிர்வாகிக்கு இந்தத் தீர்ப்பைக் காட்டலாம்.

சுயநிதிக் கல்லூரிகளுக்கு அந்த 5 சதவீதம் பொருந்தாது. ஆனால் அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்வி நிறுவனமும் வளாகத்தை அணுகத்தக்கதாக வைத்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்கும் சேர்த்துத்தான் (பிரிவு 16).

இரண்டு மூன்று பேருக்காக இவ்வளவு செலவா?

இந்தக் கேள்வியை நிதிக் குழுவில் யாராவது ஒருவர் கேட்காமல் இருந்ததில்லை. கோபப்படாமல் பதில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

இரண்டு மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்பதே வசதி இல்லாததன் விளைவாக இருக்கலாம். 1962-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எட் ராபர்ட்ஸ் என்ற ஒரே ஒரு மாணவர் சேர்ந்தார். போலியோவால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். இரவில் இரும்பு நுரையீரல் என்ற பெரிய இயந்திரத்துக்குள் படுக்க வேண்டும். அதை வைக்க விடுதியில் இடமில்லை என்று வளாக மருத்துவமனையில் தங்க வைத்தார்கள். அந்த ஒருவரைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். பத்தே ஆண்டில், 1972-இல், அந்த ஊரில் மாற்றுத்திறனாளிகள் தாங்களே நடத்தும் தன்னுரிமை வாழ்வு மையம் உருவாயிற்று. முதலில் கூட்டம் வரட்டும், பிறகு கதவு வைக்கலாம் என்று இருந்திருந்தால் யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

'எல்லாருக்குமான வடிவமைப்பு' என்ற கருத்தை முன்வைத்த ரொனால்ட் மேஸ் ஒரு கட்டடக் கலைஞர், சக்கர நாற்காலியில் இருந்தவர். அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள எங்கள் சாய்தளத்தின் ஓரத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். கேன்டீன் சிலிண்டர், தண்ணீர் கேன், விடைத்தாள் கட்டு ஏற்றிய தள்ளுவண்டி, மூட்டு வலிக்கும் பேராசிரியர், பட்டமளிப்பு விழாவுக்கு வந்த பாட்டி எல்லாரும் அதில்தான் வருகிறார்கள்.

மூன்றே பேர் இருக்கும்போது பெயர் சொல்லாமல் எப்படிக் கருத்துச் சொல்வார்கள்?

சொல்ல மாட்டார்கள். 'இரண்டாமாண்டு, வரலாறு, சக்கர நாற்காலி' என்றாலே யார் என்று தெரிந்துவிடும். இன்டர்னல் மதிப்பெண் போடுபவரே படிவத்தையும் வாங்கினால் எல்லாம் 5-க்கு 5 தான். துறை, ஆண்டு கேட்காதீர்கள். அக்கம்பக்கக் கல்லூரிகள் சேர்ந்து நடத்தலாம். நீங்கள் அவர்களிடம் கேளுங்கள், அவர்கள் உங்களிடம் கேட்கட்டும். படித்து முடித்துப் போனவர்கள் இன்னும் தாராளமாகப் பேசுவார்கள்.

நடவடிக்கை இல்லையென்றால் மாணவர் எங்கே போகலாம்?

முதலில் கல்லூரியின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் சம வாய்ப்பு மையத்துக்கும் எழுத்தில். பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். அதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். விசாரிக்க அவருக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. அணுக முடியாத இடத்தைப் படம் எடுத்து அனுப்ப 'சுகம்ய பாரத்' செயலியும் இருக்கிறது.

கணக்கெடுப்பை எந்த மாதத்தில் நடத்தலாம்?

பெரும்பாலான கல்லூரிகள் மார்ச்சில் நடத்துகின்றன, அறிக்கை கேட்பது அப்போதுதான் என்பதால். நான் நவம்பருக்கு மாற்றிவிட்டேன். வடகிழக்குப் பருவமழை. சாய்தளத்தின் அடியில் முழங்கால் தண்ணீர், மஞ்சள் கல்லின்மேல் சேறு, மின்சாரம் போய் லிஃப்ட் நின்றிருக்கும், ஒரு கையில் ஊன்றுகோல் இருப்பவர் குடையை எந்தக் கையில் பிடிப்பது? போன நவம்பரில் எங்களுக்கு வந்த மதிப்பெண் 5-க்கு 2.6. பிரின்சிபால் கொஞ்சம் கோபித்துக்கொண்டார். வடிகால் வேலை ஜனவரியில் தொடங்கிவிட்டது.